விரிகுடாவில் வாடகைப் படகில் ஒரு நாள் மீன்பிடி: வானிலை மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கான முழுமையான வழிகாட்டி

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு படகை நாள் வாடகைக்கு எடுக்கிறீர்கள். கேப்டனோடு விரிகுடாவுக்குள் போய்த் தூண்டில் போட்டுவிட்டு மாலைக்குள் கரை திரும்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். இப்படிப் பல நாட்களை ஏற்பாடு செய்திருக்கிறேன், முதல்முறை வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மீன் பிடிக்கத் தெரியாமல் கெட்டுப்போன நாட்கள் குறைவு. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததால் கெட்ட நாட்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. படகைத் தேடும் முன் எல்லையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் முதலில் படகைத் தேடுகிறார்கள், முன்பணம் கட்டுகிறார்கள், அப்புறம்தான் வானிலையைப் பார்க்கிறார்கள். பணம் கட்டியவர் கண்ணுக்கு எந்தக் காற்றும் தென்றலாகத்தான் தெரியும். எனவே, எந்த நிலைமையில் போக மாட்டோம் என்பதைப் பணம் கை மாறுவதற்கு முன்பே குழுவாகப் பேசி, எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 7 முதல் 10 நாட் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியும். 11 முதல் 16 வரை நுரை அடிக்கடி தெரியும். 17ஐத் தாண்டினால் பார்க்கும் இடமெல்லாம் நுரை, படகுக்குள் தெறிப்பு. 22க்கு மேல் சிறிய படகில் மீன்பிடிப்பு நடக்காது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலையாகிவிடும்.

புதியவர்களோ சிறுவர்களோ இருந்தால் நான் வைக்கும் எல்லை 15 நாட். பழகியவர்கள் மட்டும் என்றால் 20 வரை, அதுவும் கேப்டன் சம்மதித்து, ஒதுங்க நல்ல கரை பக்கத்தில் இருந்தால் மட்டும். இடிமழை வாய்ப்பு என்று அறிவிப்பில் தெளிவாக இருந்தால் காற்று எவ்வளவு குறைவாக இருந்தாலும் போவதில்லை.

ஐந்து நாட் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 10 நாட் 20 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது.

இன்னொரு தப்புக் கணக்கு, மூன்று பக்கமும் நிலம் இருப்பதால் விரிகுடா எப்போதும் அமைதியாக இருக்கும் என்பது. பெரிய அலை வராதுதான். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எட்டு வினாடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையில் படகு ஊஞ்சல்போல ஆடும். அதே ஒரு மீட்டர் மூன்று வினாடிக்கு ஒருமுறை வந்தால் படகு தடதடவென்று அடிவாங்கும்.

2. படகையும் கேப்டனையும் தேர்ந்தெடுத்தல்

முதல் முடிவு, முழுப் படகையும் உங்கள் குழுவுக்கே எடுப்பதா, முன்பின் அறியாதவர்களோடு இடம் பகிர்ந்துகொள்வதா என்பது. பகிர்ந்தால் செலவு குறையும். ஆனால் உங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவருக்காகப் படகு திரும்பாது. வானிலை நம்பகமில்லாத இடத்தில் முழுப் படகை எடுப்பதே நல்லது. நேரத்தை மாற்றவும், இடத்தை மாற்றவும், பாதியில் திரும்பவும் அப்போதுதான் முடியும்.

அடுத்து கேப்டனிடம் நேரடியாகப் பேசுங்கள். முதல் கேள்வி: "எத்தனை நாட் காற்றுக்கு மேல் நீங்கள் படகை எடுக்க மாட்டீர்கள்?" நல்ல கேப்டன் தயங்காமல் ஓர் எண்ணையும் ஒரு திசையையும் சொல்வார். "மேற்கிலிருந்து என்றால் 18 வரை போவேன், தெற்கிலிருந்து என்றால் 12 தாண்டினாலே கஷ்டம்" என்பது போல. திசையைச் சேர்த்துச் சொல்பவருக்கு அந்த விரிகுடா தெரியும். "எந்தக் காற்றானாலும் கவலைப்படாதீர்கள்" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா, எத்தனை மணிக்கு முடிவு சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதி நாளில் திரும்ப நேர்ந்தால் என்ன கணக்கு என்பதையும் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, சண்டை வருவதோ பெரும்பாலும் இதில்தான். கேப்டனின் உரிமம், படகின் காப்பீடு, எத்தனை பேரை ஏற்ற அனுமதி உண்டு என்பவையும் கேட்க வேண்டியவை. அந்தக் கடற்பகுதியில் மீன்பிடி அனுமதி தேவையென்றால் படகின் அனுமதியே பயணிகளுக்கும் போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா என்று விசாரியுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும்.

கடைசியாக வானொலி. கைபேசி கடலில் எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்று சொல்ல முடியாது. படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப் வானொலி படகில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஆபத்துக்கு அழைப்பது அதன் 16ஆம் அலைவரிசையில். அந்த அழைப்பு சுற்றியுள்ள எல்லாப் படகுகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

3. தேதியை ஓதத்தைப் பார்த்துக் குறியுங்கள்

விடுமுறை என்றைக்கு என்று பார்த்துத் தேதி குறிப்பது வழக்கம். முடிந்தால் அந்த வாரத்தின் ஓத அட்டவணையையும், அதாவது கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையையும் பக்கத்தில் வையுங்கள். நீர் நகரும்போது இரை நகரும், இரை நகரும்போது மீன் கடிக்கும். ஓதம் ஏறி முடிந்தும் வற்றி முடிந்தும் நீர் நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் பெரும்பாலும் கடி குறைவு.

நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்கும் இடங்களில் பன்னிரண்டில் பங்கு என்ற கணக்கு உதவும். ஏறவோ இறங்கவோ சுமார் ஆறு மணி நேரம் ஆகும். முதல் மணியில் மொத்த அளவில் 12இல் 1 பங்கு நகரும், இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, அப்புறம் 2, கடைசியில் 1. ஆக நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் நீரோட்டம் மிக வேகம். தூண்டில் தரையில் நிற்காமல் அலைவதும் அப்போதுதான். புதியவர்களுக்கு ஒன்றிரண்டு, ஐந்தாறாம் மணிகள் வசதி.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் வீச்சு பெரிது, ஓட்டமும் கடுமை. அரைநிலா நாட்களை ஒட்டி இரண்டும் குறைவு. முதல் பயணம் என்றால் அரைநிலாவை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விரிகுடாவின் வாயைத் தாண்டிப் போகும் திட்டம் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நீர் வெளியே வற்றிக்கொண்டிருக்கும்போது காற்று உள்ளே அடித்தால், இரண்டும் மோதி வாயில் அலை நிமிர்ந்து நிற்கும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த அதே வாய், ஓதம் திரும்பிய ஒரு மணி நேரத்தில் அடையாளம் தெரியாமல் மாறியதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும் நேரத்தில் வாயில் ஓதம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கேப்டனிடம் கேட்டே நேரத்தை முடிவு செய்யுங்கள்.

4. வானிலையை நான்கு முறை பாருங்கள்

ஒரே முறை பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று முடிப்பதுதான் இங்கே பொதுவான தவறு. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது வேறு.

ஐந்து நாளுக்கு முன்: பொதுவான போக்கு மட்டும் போதும். காற்றழுத்தத் தாழ்வு ஏதாவது நெருங்குகிறதா, காற்றின் திசை மாறப்போகிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கான விவரத்தை இப்போது நம்ப வேண்டாம். இரண்டு வெவ்வேறு கணிப்பு மாதிரிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றையே சொன்னால் கொஞ்சம் நம்பலாம். முரண்பட்டால் அந்த முரண்பாடே ஒரு தகவல்: அன்றைய நாள் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டு நாளுக்கு முன்: கடலுக்கான தனி அறிவிப்பைப் படியுங்கள். ஊருக்கான அறிவிப்பில் வரும் காற்று நிலத்தின் மேல் வீசுவது. மரமும் கட்டடமும் அதைக் குறைத்துவிடும். தண்ணீரின் மேல் தடையே இல்லை.

இங்கே இரண்டு எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பில் வரும் காற்று வேகம் சராசரி. இடையிடையே வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். 15 என்றால் 21 நாட் வீச்சுக்குத் தயாராக இருங்கள். அலை உயரமும் அப்படித்தான். அறிவிப்பில் சொல்வது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. நாள் முழுக்கக் கடலில் இருந்தால் அதன் இரண்டு மடங்கை எட்டும் ஒற்றை அலையும் எப்போதாவது வரும். உயரத்துக்குப் பக்கத்தில் அலைகளுக்கு இடையிலான வினாடியும் கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

முந்தைய இரவு: மணிவாரியாகப் பாருங்கள். காற்று எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்குத் திசை மாறுகிறது என்ற இரண்டும்தான் மறுநாள் திட்டம். வெயில் நாளில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் முற்பகலில் கடற்காற்று தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் அனுபவப்பட்ட கேப்டன்கள் விடியும் முன்பே கிளம்பச் சொல்கிறார்கள். "ஒன்பது மணிக்குப் போகலாமே" என்று பேரம் பேசுபவர்கள், நாளின் சிறந்த மூன்று மணி நேரத்தைத் தூக்கத்துக்கு விற்கிறார்கள்.

கிளம்பும் காலை: இப்போது கணிப்பு தேவையில்லை, நடப்பு தேவை. ரேடார் படத்தில் மழை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். கடல் மிதவையோ துறைமுக அளவியோ காட்டும் இப்போதைய காற்றை, இந்த மணிக்கு வரும் என்று இரவில் அறிவித்த காற்றோடு ஒப்பிடுங்கள். காலை ஆறு மணிக்கு 6 நாட் என்று சொல்லியிருக்க, நிஜத்தில் 11 இருந்தால் மீதி நாளின் கணிப்பும் பிந்திவிட்டது என்று அர்த்தம். காற்றழுத்தமானி இருந்தால் அதையும் பாருங்கள். அழுத்தம் மளமளவென்று இறங்கினால் காற்று ஏறப்போகிறது.

கரையில் நிற்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் கரையோரம் நீர் தட்டையாகத் தெரியும். அலை வளர இடம் கிடைக்காததுதான் காரணம். நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை வேறு. அதனால் படகுத்துறையில் நிற்கும் நீரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

5. குமட்டலுக்கான ஏற்பாடு முந்தைய நாளே

குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டால் பெரிதாகப் பயனில்லை. வயிறு அதை உள்ளே வைத்திருக்காது. வகையைப் பொறுத்து ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையென்றால் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு. சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். கர்ப்பிணிகளும், சிறுவர்களும், வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம். எந்த மருந்தையும் முதல்முறையாகப் படகில் சோதிக்காமல் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

இரவு நன்றாகத் தூங்குங்கள், மது வேண்டாம். காலையில் வெறும் வயிறும் கூடாது, எண்ணெய் மிதக்கும் சாப்பாடும் கூடாது. கொஞ்சமாக, உலர்ந்ததாகச் சாப்பிடுங்கள். "எனக்கெல்லாம் வராது" என்பவரையும் சேர்த்தே திட்டமிடுங்கள். என் அனுபவத்தில் முதலில் கம்பியைப் பிடித்துக் குனிபவர் அநேகமாக அவர்தான்.

6. உடையும் பையும்

பருத்திச் சட்டை நனைந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது, சீக்கிரம் காயவும் காயாது. நனைந்த பருத்தியில் காற்று பட்டால் வெயில் நாளிலும் நடுங்குவீர்கள். உடம்பை ஒட்டி வேகமாகக் காயும் செயற்கை இழைத் துணி, அதன்மேல் கம்பளியோ ஃபிளீஸோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி. கழற்றவும் போடவும் வசதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாறும் வானிலையில் அதை ஐந்தாறு முறை செய்வீர்கள். மழையங்கியைப் பையின் அடியில் வைக்காதீர்கள். மழை வந்த பிறகு தோண்டி எடுப்பதற்குள் மற்றதெல்லாம் நனைந்துவிடும்.

நழுவாத, தளத்தில் கறை படியாத அடிப்பாகம் கொண்ட காலணி போடுங்கள். செருப்பு வேண்டாம், கீழே கிடக்கும் தூண்டில் முள் அதைக் கேட்டு விலகாது. நீர்ப் பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி கண்ணுக்கும் நல்லது, பக்கத்தில் வீசுபவரின் முள்ளிலிருந்தும் காக்கும். மாற்று உடை ஒன்றை நீர் புகாத பையில் கட்டிப் படகிலேயே வையுங்கள். காரில் வைத்தால் நடுக்கடலில் யாருக்குப் பிரயோசனம்? குடிநீர் நினைத்ததைவிட அதிகம், பெட்டி நினைத்ததைவிடக் குறைவு. இவ்வளவுதான்.

7. படகுத்துறையில் பதினைந்து நிமிடம்

கிளம்பும் அவசரத்தில் இதைத் தாண்டிவிடுவார்கள், தாண்டாதீர்கள். உயிர்காப்பு மேலங்கியை வாங்கி அங்கேயே போட்டு, பட்டைகளை இறுக்கிப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் தாடைக்கு ஏறக் கூடாது. ஏறினால் தண்ணீரிலும் ஏறும், முகம் மூழ்கும். ஊதிக்கொள்ளும் வகையென்றால் வாயுக் குடுவை இறுக்கமாக இருக்கிறதா, அடையாளக் குறி பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையை மழையங்கிக்கு உள்ளே போடக் கூடாது, ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். சிறுவர்களுக்கு அவர்கள் எடைக்கேற்ற அளவு வேண்டும், "கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை" என்பது இதில் செல்லாது.

தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, மிதவை வளையம், வானொலி எங்கே இருக்கின்றன என்று கேப்டனிடம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் எஞ்சினை நிறுத்துவதும் வானொலியில் பேசுவதும் எப்படி என்று குறைந்தது இருவர் கற்றுக்கொள்ளுங்கள். யாராவது நீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்: பார்த்தவர் சத்தம் போட வேண்டும், மிதவையை எறிய வேண்டும். விழுந்தவரை நோக்கி விரலை நீட்டியபடியே ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. நுரை எழுந்த நீரில் ஒரு தலையைத் தொலைக்கச் சில வினாடிகள் போதும்.

கரையில் இருக்கும் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

8. முதல் மணி நேரம்

படகு ஓடும்போது நடுவிலோ நடுவுக்குச் சற்றுப் பின்னாலோ உட்காருங்கள். அணியம், அதாவது படகின் முன்பக்கம், அதிகமாகத் தூக்கிப் போடும். ரொம்பப் பின்னால் போனால் எஞ்சின் புகை. அந்தப் புகை குமட்டலை வரவைக்கும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு தலைவலியும் தரும். அடிவானத்தைப் பாருங்கள். கைபேசியைப் பார்க்காதீர்கள், அறைக்குள் போகாதீர்கள். குனிந்து முடிச்சுப் போடுவதும் குமட்டலை அழைக்கும் வேலை, அதனால் தூண்டில்களைக் கரையிலேயே கட்டிவிடுங்கள். எழுந்து நடந்தால் எப்போதும் ஒரு கை படகுக்கு.

வாந்தி வந்துவிட்டால் காற்று போகும் பக்கமாகப் போய் எடுங்கள், காற்றை எதிர்த்து வேண்டாம். காரணத்தை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார்.

முதல் இடத்தை ஒதுக்குப்புறமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "நேராகப் பெரிய மீன் இடத்துக்குப் போகலாம்" என்று புதியவர்கள் ஆசைப்படுவார்கள். கால் பழகுவதற்கும், யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேப்டன் பார்ப்பதற்கும் அமைதியான ஒரு மணி நேரம் வேண்டும். அப்புறம் வெளியே போவதா வேண்டாமா என்பதை முகங்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

9. காற்று ஏற ஏறத் தூண்டிலை மாற்றுங்கள்

காலையில் கட்டியதையே மாலைவரை போடுபவர், கடி குறைந்ததும் மீன் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். பல நேரம் அவருடைய இரை தரைக்கே போயிருக்காது. தூண்டில் கயிறான நரம்பு நீருக்குள் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய நேராக இறங்கினால் சரி. பாதி சாய்ந்துவிட்டால் காற்று படகை இழுக்கிறது, அல்லது நீரோட்டம் இரையைத் தூக்குகிறது. ஈயக்குண்டை ஒரு படி கூட்டுங்கள். ஓட்டம் தணிந்ததும் மறுபடி குறைத்துவிடுங்கள், ஏனென்றால் கனமான குண்டு மெல்லிய கடியை மறைத்துவிடும். பின்னல் நரம்பு ஒரே வலுவுள்ள நைலானைவிட மெலிது என்பதால் நீரோட்டம் அதைக் குறைவாகவே இழுக்கும்.

நங்கூரம் போடாமல் மிதந்தபடி பிடிக்கும்போது காற்று ஏறினால் படகு இரையைவிட வேகமாக நகரும். அப்போது கேப்டன் நீருக்குள் ஒரு குடைத்துணியை இறக்கி வேகத்தைக் குறைப்பார், இல்லையென்றால் நங்கூரம் போடுவார். நங்கூரத்தை எப்போதும் அணியத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கமாகக் கட்டிய படகுக்குள் அலை நேராக ஏறிவிடும்.

ரீலின் இறுக்கத்தை நரம்பின் வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வையுங்கள். படகு ஆடும்போது அந்த ஆட்டமே நரம்பைச் சட்டென்று இழுக்கும், முழுதாக இறுக்கியிருந்தால் அறுந்துவிடும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் கட்டியிருந்தால் கடி விழுந்ததும் கோலை வெடுக்கென்று தூக்காதீர்கள். சீராகச் சுற்றினால் போதும், அது தானாக வாயோரம் மாட்டும். நான் எத்தனை முறை சொன்னாலும் முதல் மூன்று மீனைப் புதியவர்கள் கோலை வெடுக்கென்று தூக்கித்தான் விடுகிறார்கள்.

காற்று ஏறிய பிறகு தலைக்கு மேல் வீசிப் போடுவதை நிறுத்துங்கள். நேராகக் கீழே இறக்குவது மட்டும். ஆடும் தளத்தில் பின்னால் போகும் முள் யார் காதில் மாட்டும் என்று தெரியாது.

10. வானம் மாறும்போது

மாற்றம் சொல்லாமல் வருவதில்லை. எல்லோரும் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தெரிவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை வானத்தைச் சுற்றிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். காற்று வரும் திசையைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: காலிஃபிளவர்போல மேலே மேலே வளரும் மேகம், உச்சி தட்டையாக விரிந்துவிட்டால் அது இடிமேகமாகிவிட்டது. அடியில் உருளைபோல நீண்ட கரிய மேகம். தொலைவில் நீர்மேல் நகர்ந்து வரும் கறுப்புக் கோடு, அது காற்று நீரைச் சுருக்கிக்கொண்டு வருவது. அதுவரை வீசிய காற்று திடீரென்று அடங்குவது. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்ந்த ஒரு வீச்சு. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று மழைக்கு முன்பே ஓடி வருவதுதான் அந்தக் குளிர்ச்சி. அது முகத்தில் பட்டபோது உங்களுக்கு மிஞ்சியிருப்பது நிமிடங்கள்.

மின்னலுக்குக் கணக்கு எளிது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று வினாடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடி என்றால் பத்து கிலோமீட்டர். அந்தத் தூரத்திலிருந்தே மின்னல் உங்கள் மேல் விழ முடியும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகத்துக்கு அது பதினைந்து நிமிடப் பயணம். 15 நாட்டில் ஓடும் படகின் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர்தான். ஓடித் தப்பிக்கலாம் என்ற நினைப்பு கணக்கில் நிற்காது. அதனால் இடி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், மேகம் வளர்வதைப் பார்த்ததும் கிளம்புங்கள்.

மாட்டிக்கொண்டால் தூண்டில் கோல்களை முதலில் படுக்க வையுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும், நிமிர்த்தி வைத்தால் படகின் உயரமான முனை அதுவாகிவிடும். தாழ உட்காருங்கள், உலோகக் கம்பிகளைத் தொடாதீர்கள், அறை இருந்தால் உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை தூண்டிலைத் தொட வேண்டாம்.

மூடுபனி வேறு வகை. ஈரமான சூடான காற்று குளிர்ந்த நீரின் மேல் நகரும்போது அது உருவாகும், காற்று லேசாக இருக்கும் அழகான நாளிலேயே வரலாம். அப்போது பயணிகளின் வேலை பேசாமலிருந்து காதைத் தீட்டுவது. மற்றப் படகின் எஞ்சின் சத்தமும் ஊதல் ஒலியும் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும்.

11. திரும்பும் நேரத்தைத் தூரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள்

கரையிலிருந்து 8 கடல் மைல் போயிருக்கிறீர்கள், படகு 15 நாட் ஓடும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). திரும்ப 32 நிமிடம் என்று கணக்குப் போடுவார்கள். காற்று ஏறிய நீரில் அந்தப் படகு 7 நாட்டுக்கு மேல் ஓட முடியாமல் போகலாம். அப்போது அதே தூரம் ஏறக்குறைய 70 நிமிடம். காற்று இரண்டு மணிக்கு ஏறும் என்றால் பன்னிரண்டரைக்கே நரம்பைச் சுற்றத் தொடங்க வேண்டும்.

"இன்னும் ஒரு பத்து நிமிடம்" என்று கேப்டனிடம் கெஞ்சாதீர்கள். அவர் திரும்பலாம் என்றால் திரும்புவதுதான். ஒருமுறை எங்கள் குழுவில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டு அவரை அரை மணி நேரம் இழுத்துவிட்டோம். அந்த அரை மணியில் ஒரு மீனும் இல்லை, திரும்ப இரண்டரை மணி நேரம் ஆனது. முடிவைப் பயணி மாற்ற ஒரே ஒரு திசைதான் உண்டு: அவர் இருக்கலாம் என்றாலும் நீங்கள் முதலில் எழுதிய எல்லை தாண்டிவிட்டது என்றால் போகலாம் என்று சொல்லலாம்.

கிளம்பும் முன் தளத்தில் உள்ள எல்லாவற்றையும் கட்டுங்கள். முள்களைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். மேலங்கியின் பட்டையை மறுபடி இறுக்குங்கள், காலையில் இறுக்கியதை யாராவது தளர்த்தியிருப்பார்கள். ஓடும்போது நிற்க நேர்ந்தால் முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். ஒரே பக்கமாக எல்லோரும் சாயாதீர்கள்.

12. பிடித்த மீன்

மேலே வந்த மீனை வெயிலில் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருப்பது கெடுக்கும் வழி. உடனே பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போடுங்கள். வெறும் கட்டியைவிட இந்தக் கலவை மீனைச் சுற்றிலும் தொடுவதால் சீக்கிரம் குளிரவைக்கும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றில் தாமதம் கூடவே கூடாது. சூட்டில் கிடந்தால் அவற்றில் உருவாகும், ஒவ்வாமைபோல உடம்பைப் பாதிக்கும் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. அளவு குறைந்த மீனை ஈரக் கையால் பிடித்துக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

13. கரை இறங்கிய பிறகு ஒரு பக்கம்

உடை மாற்றும் முன், உப்புக் கையோடு ஐந்து வரி எழுதுங்கள். அறிவிப்பு என்ன சொன்னது, நிஜத்தில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து காற்று ஏறியது, ஓதம் எந்த நிலையில் கடி இருந்தது, எந்த எடைக் குண்டு நின்றது, யாருக்கு எப்போது குமட்டியது. நான்கைந்து பயணத்துக்குப் பிறகு அந்த விரிகுடாவின் பழக்கம் தெரியத் தொடங்கும். நான் அடிக்கடி போகும் இடத்தில் பிற்பகல் காற்று அறிவித்த நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. அதை எந்தச் செயலியும் சொல்லவில்லை, என் நோட்டுதான் சொன்னது. இப்போது அங்கே போகும்போதெல்லாம் எங்கள் குழு காலை நான்கரைக்கே படகுத்துறையில் நிற்கிறது.